நிறுத்த முடியாத இரண்டு மணி நேரம்

பரணிலிருந்து இறங்கிய ஒரு ஜப்பானியத் திகில் விளையாட்டும், செம்பூரில் ஒரு தந்தையும் மகனும் காத்த ரகசியமும்

செம்பூர் திலக் நகரில் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. குடியிருப்போர் சங்கமும் பில்டரும் கையெழுத்திட்டாயிற்று. வாசலில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. அதே இடத்தில் இருபது மாடி எழும்பும், லிஃப்ட் வரும், கார் நிறுத்த இடம் வரும் என்கிறார்கள். அதுவரை எல்லோருக்கும் வாடகை வீடு. இரண்டாவது மாடியில் 1979 முதல் குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பம் பரணைக் காலி செய்தபோது பித்தளை அண்டா, முறுக்கு உரல், மகள் கல்யாணத்தில் விரித்த ஜமுக்காளம் இவற்றுக்கெல்லாம் பின்னாலிருந்து ஓர் அட்டைப் பெட்டி கீழே இறங்கியது.

பெட்டிக்குள் கறுப்பாக ஓர் இயந்திரம். பானாசோனிக் த்ரீடிஓ. கூடவே செங்கல் கனத்தில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். 'டி' என்ற ஒற்றை எழுத்தைப் பெயராகக் கொண்ட ஒரு விளையாட்டின் சி.டி. உறை.

மகனுக்கு இப்போது 43 வயது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு பங்கார்வாலாவுக்குப் போட வேண்டிய குவியலில் அதைச் சேர்த்தார். டிரான்ஸ்ஃபார்மர் மொசைக் தரையில் 'டொக்' என்று உட்கார்ந்தது. ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அப்பா தலையைத் திருப்பினார். அவருக்கு வயது 80. இரண்டு கண்களிலும் பார்வை இல்லை.

"அது அந்தப் பேய்க் கோட்டைப் பெட்டில்லா?" என்றார்.

மகன் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் குவியலிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். அந்தப் பெட்டியைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி 25 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அது வந்த கதை சாதாரணமானது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருந்த சித்தப்பா 1996 டிசம்பரில் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தார். அண்ணன் மகனுக்குப் பதினான்கு வயது, ஏதாவது பெரிதாகக் கொடுக்க வேண்டும். கடையில் இதைப் பாதிக்கும் குறைந்த விலையில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் தள்ளிவிடுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பெரிய வியாபாரத் தோல்வியின் கதை கிடைத்திருக்கும்.

த்ரீடிஓவைக் கனவு கண்டவர் டிரிப் ஹாக்கின்ஸ். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற விளையாட்டு நிறுவனத்தை 1982இல் தொடங்கியவர். அவருடைய யோசனை புதுமையானது. வடிவமைப்பு மட்டும் தன்னுடையது. பெட்டியை யார் வேண்டுமானாலும் உரிமம் பெற்றுத் தயாரிக்கலாம். வி.சி.ஆர். போல வீட்டுக்கு வீடு வந்துவிடும் என்று நினைத்தார். பானாசோனிக், கோல்ட்ஸ்டார், சான்யோ ஆகியவை தயாரித்தன. ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. செகாவும் நின்டெண்டோவும் பெட்டியை மலிவாகக் கொடுத்துவிட்டு விளையாட்டுகளில் பணத்தை எடுத்தன. த்ரீடிஓவில் விளையாட்டுக்கான உரிமத் தொகை ஹாக்கின்ஸின் கம்பெனிக்குப் போனது. பெட்டி செய்தவர்களுக்குப் பெட்டியில்தான் லாபம். அதனால் 1993 அக்டோபரில் அமெரிக்காவில் அது வெளிவந்தபோது விலை 699.99 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 22 ஆயிரம் ரூபாய். 1995இல் சோனியின் பிளேஸ்டேஷன் 299 டாலருக்கு வந்து நின்றதும் கதை முடிந்தது. 1996 இறுதியில் த்ரீடிஓவைக் கைவிட்டார்கள். உலகம் முழுவதும் விற்றது சுமார் 20 லட்சம் பெட்டிகள்.

இந்தியாவில் அதைப் பார்த்தவர்களே அபூர்வம். இங்கே 'டி.வி. கேம்' என்றால் நின்டெண்டோவைப் பார்த்து அடித்த நகல் பெட்டி. 'ஆயிரக்கணக்கான ஆட்டங்கள்' என்று அட்டையில் போட்டிருக்கும் கேட்ரிட்ஜில் அதே நாலைந்துதான் பெயர் மாறி மாறி வரும். முறையாக இறக்குமதியானவையும் இருந்தன. ஷா வாலஸ் நிறுவனம் 1995இல் செகாவுடன் ஒப்பந்தம் செய்து மெகா டிரைவைக் கொண்டுவந்தது. விலை 18 ஆயிரம் ரூபாய். திலக் நகரில் அந்தப் பணத்துக்கு ஒரு கலர் டி.வி. வாங்கி, மீதியில் மிக்ஸியும் வாங்கலாம்.

ஓசியில் வந்த அமெரிக்கப் பெட்டியைச் செம்பூரில் ஓட்டுவதும் லேசாக இல்லை. அது 120 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது. நம் சுவரில் வருவது 230. படம் என்.டி.எஸ்.சி. முறை, நம் டி.வி. 'பேல்' முறை. முதல் நாள் படம் கறுப்பு வெள்ளையில் மேலே ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவும் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து, குர்லாவில் மாறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி லேமிங்டன் சாலைக்குப் போனார்கள். டிரான்ஸ்ஃபார்மரும், டி.வி.க்குள் பொருத்த ஒரு சின்ன சர்க்யூட் பலகையும் வாங்கினார்கள். கடைக்காரன் 'மெக்கானிக்கை அனுப்பவா' என்று கேட்டான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அவரே மெக்கானிக்தான்.

1967இல் பம்பாய் வந்தவர் அவர். திராம்பே பக்கம் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவு. இரவும் பகலும் ஓடும் பம்புகளையும் கம்ப்ரசர்களையும் கவனிப்பது வேலை. பழுதைக் கண்டுபிடிக்க அவரிடம் இருந்த முக்கியக் கருவி ஒரு நீளமான ஸ்குரூ டிரைவர். முனையை பேரிங் மீது வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். எந்தக் குண்டு தேய்ந்திருக்கிறது, எண்ணெய் எங்கே வற்றியிருக்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். "மெஷின் பொய் சொல்லாதுல. நாமதான் கேக்கமாட்டோம்" என்பது அவர் வாக்கு. முப்பது ஆண்டு பம்பாய் வாசத்தில் இந்தியும் மராத்தியும் சரளமாக வந்தன. திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை.

சித்தப்பா கொண்டுவந்த சி.டி.க்கள் மூன்று. கார்ப் பந்தயம் ஒன்று, கால்பந்து ஒன்று. மூன்றாவதுதான் 'டி'. அம்மா உறையைப் பார்த்துவிட்டு, "இதைப் பூஜை அலமாரி இருக்கிற பக்கம் வைக்காதே" என்றார்.

கதை இதுதான். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மருத்துவமனை. அங்கே டாக்டராக இருக்கும் ரிக்டர் ஹாரிஸ் திடீரென்று பலரைக் கொன்றுவிட்டு உள்ளேயே இருக்கிறார். அவருடைய மகள் லாரா செய்தி கேட்டு ஓடி வருகிறாள். பிணங்களுக்கு நடுவே நிற்கும்போது அவள் வேறோர் உலகத்துக்கு இழுக்கப்படுகிறாள். ஆளில்லாத ஒரு கோட்டை. அப்பா ஏன் இப்படி ஆனார் என்பதற்கான விடை அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. அப்பாவின் முகமோ அவ்வப்போது தோன்றி, 'திரும்பிப் போய்விடு' என்று எச்சரிக்கிறது.

விளையாட்டின் விதிகள் கறாரானவை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்திவைக்க முடியாது. விட்ட இடத்தைச் சேமித்துவைக்கவும் முடியாது. வழி தெரியாவிட்டால் லாராவின் கைக்கண்ணாடியைப் பார்க்கலாம்; குறிப்புக் கிடைக்கும். ஆனால் மூன்று தடவைதான். அப்புறம் கண்ணாடி உடைந்துவிடும்.

'சர்வைவல் ஹாரர்', அதாவது பயத்துக்கு நடுவே பிழைத்துக் கிடக்கும் ஆட்டம் என்ற வகைக்குப் பெயர் நிலைத்தது 1996இல் கேப்காம் நிறுவனத்தின் 'ரெசிடென்ட் ஈவில்' வந்தபிறகு. ஆனால் விதை முன்பே விழுந்துவிட்டது. அதே கேப்காம் 1989இல் நின்டெண்டோ பெட்டிக்குச் செய்த 'ஸ்வீட் ஹோம்', 1992இல் பிரான்சிலிருந்து வந்த 'அலோன் இன் த டார்க்', 1994இல் த்ரீடிஓவுக்காகவே வந்து ஜப்பானைத் தாண்டாமல் போன 'டாக்டர் ஹவுசர்' எல்லாம் முன்னோடிகள். 'டி' முதலில் வெளியானது 1995 ஏப்ரல் 1 அன்று, ஜப்பானில், த்ரீடிஓவில். பின்னர் செகா சாட்டர்னுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் போனது. ஜப்பானில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். யாரும் சீந்தாத ஒரு பெட்டியில் தொடங்கிய விளையாட்டுக்கு அது பெரிய எண்ணிக்கை.

திலக் நகர் வீட்டில் அது சனிக்கிழமை ராத்திரி விளையாட்டாயிற்று. ஒன்பது மணிக்குச் சாப்பாடு முடியும். அம்மாவும் அக்காவும் உள் அறைக்குப் போய்விடுவார்கள். ஹாலில் விளக்கை அணைத்தாயிற்று என்றால் இரண்டு மணி நேரம் யாரும் கதவைத் தட்டக்கூடாது. ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவுக்கு முதலில் கொடுக்கப்பட்ட வேலை மணி பார்ப்பது. ஹெச்.எம்.டி. வாட்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு மணி ஆச்சு", "இன்னும் இருபது நிமிசம்" என்று சொல்வார். நேரம் முடிந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

லாரா மெதுவாக நடப்பாள். ஏறக்குறைய பேசுவதே இல்லை. காலடிச் சத்தம், கதவு திறக்கும் சத்தம், எங்கோ இரும்பு உரசும் சத்தம். நாலைந்து வாரத்தில் அப்பா மணி பார்ப்பதைத் தாண்டி வந்துவிட்டார். "எல, அந்தப் பக்கம் போவாத. போன வாரமும் இப்படித்தான் கேட்டுச்சு" என்பார். பையன் திரையில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் பதில் சொல்லிவிடுவார். சில சமயம் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்.

"பயமா இருக்காப்பா?" என்று மகன் கிண்டல் செய்தான்.

"ஆமால, பயந்தான்" என்றார் அப்பா.

1997 மே மாதம் ஒரு சனிக்கிழமை அவர்கள் கோட்டையின் முடிவை எட்டினார்கள். கோபுரத்தின் உச்சியில் அப்பா ரிக்டர் நிற்கிறார். தன் ரத்தத்தில் இருப்பது டிராகுலாவின் பரம்பரை என்கிறார். மிருகமாக மாறும் முன் தன்னைச் சுட்டுவிடும்படி மகளிடம் கேட்கிறார். சுடலாம், சுடாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி முடிவு உண்டு. பதினான்கு வயதுப் பையனுக்கு அந்த முடிவுகள் மறந்துவிட்டன. அன்றைக்கு நடந்த வேறொன்று மறக்கவில்லை.

ஜெயித்த சந்தோஷத்தில் அவன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அப்பாவுக்கு இடது பக்கமாக நின்று டம்ளரை நீட்டினான். அப்பா டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் அவர் தோளிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "அப்பா, தண்ணி" என்று சொன்னதும் திரும்பினார். கை டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. அப்போதுதான் அவனுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. திரையின் ஓரத்தில் இருந்த எதையும் அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. லேமிங்டன் சாலைக்குப் போன அன்று குர்லா மேம்பாலப் படியில் அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். கூட்டத்தில் பையன் தொலைந்துவிடக்கூடாது என்று பிடிக்கிறார் என அவன் நினைத்திருந்தான்.

அப்பா மறைக்கவில்லை. ஓரம் எல்லாம் புகை மாதிரி இருக்கிறது, நேராகப் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது என்றார். ஆலையில் ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை உண்டு. சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை படித்துத் தேறியிருந்தார். அது அப்படித்தான் நடக்கும். அட்டை நேர்ப் பார்வையைத்தான் அளக்கிறது. ஆனால் நோய் ஓரத்திலிருந்து உள்ளே வருகிறது.

"அக்காவுக்குத் தை மாசம் கல்யாணம். இப்ப கண்ணுன்னு ஆஸ்பத்திரில போயி நின்னா வேலைல கேள்வி வரும். கல்யாணம் முடியட்டும். அம்மாட்ட சொல்லிராதய்யா" என்றார்.

கோபத்தில் 'எல', கெஞ்சும்போது 'ஐயா'. அப்பா அவனை 'ஐயா' என்று கூப்பிட்டது அந்த வீட்டில் அபூர்வம். மகன் சொல்லவில்லை.

அடுத்த எட்டு மாதங்கள் அவன் செய்தது ஒரு காவல்காரன் வேலை. தெருவில் அப்பாவுக்கு இடது பக்கம் நடந்தான். சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போனால் படி ஏறும்போது கைகோத்துக்கொண்டான். பந்திக்கு ஆள் கணக்கு, பத்திரிகைக்கு விலாசம் எல்லாம் அவனே எழுதினான். உறவினர்கள், "பிள்ளைன்னா இப்படியில்ல இருக்கணும்" என்று மெச்சினார்கள். விளையாட்டுப் பெட்டியை மட்டும் தொடவில்லை. 1998 தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. அடுத்த மாதம் செம்பூர் ஸ்டேஷன் படியில் அப்பா கால் தவறி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டர்தான் கண் டாக்டரிடம் அனுப்பினார்.

நோயின் பெயர் க்ளாக்கோமா. கண்ணுக்குள் இருக்கும் திரவம் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வது. பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. போனது திரும்பாது; இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே சொட்டு மருந்தும் அறுவைச் சிகிச்சையும். உலகில் மீட்க முடியாத பார்வையிழப்புக்கு முதன்மையான காரணம் இதுதான். அப்பாவின் இடது கண்ணில் அப்போது மிச்சம் அதிகம் இல்லை. வலது கண்ணைச் சொட்டு மருந்து பல ஆண்டுகள் தாங்கிப் பிடித்தது. 2011 வாக்கில் அதுவும் மங்கிப்போனது.

"ஆறு மாதம் முன்னால் வந்திருக்கலாமே" என்று டாக்டர் பொதுவாகத்தான் சொன்னார். எல்லா நோயாளிகளிடமும் சொல்வதுதான். அந்த அறையில் நின்றிருந்த பதினைந்து வயதுப் பையன் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் பெட்டியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கட்டிப் பரணில் எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்தான்.

பிறகு அவன் அந்த விளையாட்டின் பெயரைக் கேள்விப்பட்டது 2013இல்தான். பிப்ரவரி 20 அன்று கென்ஜி எனோ இறந்துபோனார். உயர் ரத்த அழுத்தத்தால் இதயம் நின்றது. வயது 42. அந்தச் செய்தியில் 'டி' என்ற எழுத்து இருந்தது. அதை உண்டாக்கிய மனிதரைப் பற்றி அன்றைக்குத்தான் படித்தார் மகன். படிக்கப் படிக்க ஆச்சரியம்.

எனோ படிப்பைப் பாதியில் விட்டவர், இசையமைப்பாளர், வார்ப் என்ற சிறிய நிறுவனத்தின் தலைவர். 'டி'யின் கதைக்குள் அவர் ஒரு பயங்கரத்தை ஒளித்து வைத்திருந்தார். லாரா சிறுமியாக இருந்தபோது தன் தாயைக் கொன்று தின்றவள் என்பது மறைந்திருக்கும் காட்சிகளில் தெரியவரும். அதைப் பார்த்தால் விற்பனைக்கு அனுமதி கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். தன் கம்பெனியில் இருந்தவர்களிடமே சொல்லவில்லை. அந்தக் காட்சிகள் இல்லாத பிரதியை ஒப்புதலுக்குக் கொடுத்தார். வேண்டுமென்றே காலம் கடத்தினார். தாமதத்துக்குத் தண்டனையாக, இறுதிப் பிரதியை அமெரிக்காவுக்குக் கையோடு எடுத்துப்போக வேண்டியிருந்தது. அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். விமானத்தில் சி.டி.யை மாற்றிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் அவரே சொன்ன விஷயம் இது.

அடுத்து 1996 கடைசியில் சாட்டர்னுக்காக அவர் செய்த 'எனிமி ஜீரோ'வில் எதிரிகள் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். ஒலியை வைத்துத்தான் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இசை அமைத்தவர் பிரிட்டனின் மைக்கேல் நைமன்.

மகனைத் திரையின் முன் அசையாமல் உட்காரவைத்தது அதற்கடுத்த செய்தி. பார்வையற்ற ரசிகர்கள் சிலர் தன் விளையாட்டுகளை ஆட முயல்வது எனோவுக்குத் தெரியவந்தது. போய்ப் பார்த்தார். பார்க்கவே தேவையில்லாத ஒரு விளையாட்டைச் செய்தால் என்ன என்று தோன்றியது. 'ரியல் சவுண்ட்' என்ற வரிசையில் 'காற்றின் வருத்தம்' என்று பொருள்படும் பெயரில் 1997 ஜூலையில் வந்தது அது. திரையில் படமே கிடையாது. குரல், மழை, மணியோசை, காலடி மட்டும். கேட்டு முடிவெடுக்க வேண்டும். செயல்முறை விளக்கம் பிரெய்ல் எழுத்தில். கதை வசனம் யூஜி சகாமோட்டோ. பின்னாளில், 2023இல், 'மான்ஸ்டர்' படத்துக்காகக் கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருது பெற்றவர். விளையாட்டைச் சாட்டர்னுக்கு மட்டும் கொடுப்பதற்கு எனோ செகாவிடம் வைத்த நிபந்தனை விசித்திரமானது. ஆயிரம் சாட்டர்ன் பெட்டிகளைச் செகா பார்வையற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஆயிரம் விளையாட்டுப் பிரதிகளை அவர் கொடுப்பார். கொடுத்தார்கள்.

1997 ஜூலை. செம்பூரில் ஒரு பையன் அப்பாவுக்கு இடது பக்கமாக நடக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்த சமயம்.

"அந்த விளையாட்டு எங்களுக்குக் கிடைத்திருந்தாலும் பயன் இல்லை. ஜப்பானிய மொழியில் பேசுவது எங்களுக்கு எப்படிப் புரியும்?" என்று சிரிக்கிறார் மகன். "ஆனால் ஒரு விஷயம் புரிந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஆடியதை நான் நோயின் அறிகுறி என்று மட்டும்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நன்றாக ஆடினார் என்பதை மறந்தே போனேன்."

மகனுக்கு நாற்பது வயதானதிலிருந்து ஆண்டுதோறும் கண் அழுத்தம் பார்த்துக்கொள்கிறார். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். எழுத்து அட்டை போதாது, ஓரப் பார்வையையும் நரம்பையும் பாருங்கள் என்று அவரே கேட்டு வாங்குகிறார். அக்காவையும் விடாமல் அனுப்புகிறார். பாலிசி எடுக்க வரும் நாற்பது வயதுக்காரர்களிடமும் சொல்வார். சிலர் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

வீடு காலி செய்வதற்கு முந்தின நாள் அவர் த்ரீடிஓவை டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டிப் பார்த்தார். விளக்கு எரிந்தது. சி.டி. சுழன்றது. படிக்கவில்லை. லேசர் கண்ணின் ஆயுள் முடிந்திருந்தது. அப்பா கை நீட்டி மேல்மூடியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் போச்சு" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஹாலில் மௌனம் விழுந்திருக்கும். அப்பா சொன்னதால் அம்மாவே சிரித்துவிட்டார்.

அன்றிரவு மகன் அந்த விளையாட்டை லேப்டாப்பில் இறக்கினார். 2016 முதல் அது கணினிக்காக மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. பெரிய காசு இல்லை.

மறுநாள் காலை பத்து மணி. கட்டில், பீரோ, மிஷின் எல்லாம் போயாயிற்று. கடைசி நடைக்கு டெம்போ வர வேண்டும். காலி ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், தரையில் லேப்டாப். சாமான் இல்லாத அறையில் லாராவின் காலடிச் சத்தம் பெரிதாக எதிரொலித்தது. அப்பா முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் கேட்டார்.

இருபது நிமிடம் போனபிறகு மகன் பேசினார். திரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"அப்பா, அன்னைக்கு நான் அம்மாகிட்ட சொல்லியிருக்கணும்."

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. ஒரு கதவு திறந்து மூடியது.

"சொல்லியிருந்தா நான் இல்லன்னு சாதிச்சிருப்பேன். நீ பொய் சொல்லுதன்னு சொல்லியிருப்பேன். உங்கம்மா என்னையத்தான் நம்பியிருப்பா" என்றார். பிறகு, "ஆனா சின்னப் பிள்ளைட்ட போயி அதக் கேட்டிருக்கக் கூடாதுல. அது என் தப்பு. ஒன் தப்பு இல்ல" என்றார்.

மகன் லாராவைத் தவறான பக்கம் திருப்பிவிட்டார்.

"அங்க இல்ல. முதல்ல வந்த வழிக்குத் திரும்பு" என்றார் அப்பா.

பதினொன்றேகாலுக்கு டெம்போ வந்துவிட்டது. டிரைவர் கீழேயிருந்து ஹாரன் அடித்தான். இரண்டு தடவை அடித்துவிட்டு மேலே ஏறி வந்து, காலி வீட்டில் ஒரு கிழவரும் நடுத்தர வயதுக்காரரும் இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றான். எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்தியில் கேட்டான்.

அப்பா வாட்ச் இல்லாத மணிக்கட்டைத் தடவினார். "எவ்வளவுல இருக்கு?" என்று மகனிடம் கேட்டார்.

"முக்கால் மணி நேரம்பா."

"நடுவுல நிறுத்த முடியாதுல்லா?"

"முடியாது."

அப்பா டிரைவர் நின்ற பக்கம் சரியாகத் திரும்பி, கீழே டீக்கடையில் தன் கணக்கில் டீ குடித்துவிட்டு வரும்படி மராத்தியில் சொன்னார். பிறகு மகனிடம் தமிழில் சொன்னார்:

"நடல."